சுரண்டியும் போகாத ‘ஓட்டுனர்’: ஒரு சிவப்பு மாருதி 800 பற்றிய நிகழ்வு ஆய்வு

மதுரை கே.புதூரில் இருக்கும் எங்கள் பட்டறைக்குள் அந்தச் சிவப்பு மாருதி 800 நுழைந்தபோது அதன் உடம்பில் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. ஆனாலும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் தடையில்லாமல் வாசித்தார்: “ஓட்டுனர் பயிற்சி பள்ளி.” கதவுகள் வெளுத்து, சுண்ணாம்பு கலந்த ரோஸ் நிறத்தில் கிடந்தன. ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடங்கள் மட்டும் குங்குமம்போல் சிவந்திருந்தன. முன்கதவுகளில் ‘ஓட்டுனர்’, பின்கதவுகளில் ‘பயிற்சி பள்ளி’.

வண்டி 2008-ஆம் ஆண்டு வாங்கியது. பத்தாண்டுக்கு மேல் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் உழைத்தது. பள்ளியை மூடியபோது, அதே வண்டியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒருவர் அதை வாங்கிக்கொண்டார். அவர் திருமங்கலம் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. பயிற்றுநர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து மிதிக்கும் இரண்டாவது பெடல்கள் பயிற்சி வண்டிகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கட்டாயம். அவற்றை விற்கும்போதே கழற்றிவிட்டார்கள். எழுத்தைத்தான் யாராலும் கழற்ற முடியவில்லை.

“தம்பி, வண்டி மங்கியது பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. ஓர் எழுத்துப்பிழையையும் ஓர் ஒற்றுப்பிழையையும் சுமந்துகொண்டு தினமும் பள்ளிக்கூடத்துக்குள் போகிறேன். அதைத்தான் தாங்க முடியவில்லை” என்றார். ‘ஓட்டுநர்’ என்பதில் வரவேண்டியது தந்நகரம். ‘பயிற்சிப் பள்ளி’ என்பதில் ‘ப்’ வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கதவில் விரல் வைத்து, “டீச்சர், தப்பு” என்று காட்டியிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். இலக்கணப் பிழைக்காக வந்த வண்டி இது ஒன்றுதான்.

வருவதற்கு முன் வீட்டில் ஒரு முயற்சி நடந்திருந்தது. அவருடைய கொழுந்தன் தின்னரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு இடது முன்கதவில் ‘ன’ எழுத்தைப் போக்கப் பார்த்திருக்கிறார். எழுத்து போகவில்லை. அதன்மேல் ஒரு சாம்பல் படலம் மட்டும் வந்து சேர்ந்தது.

எழுத்து இருப்பது எழுத்தில் அல்ல

இந்தத் தவற்றை எல்லோரும் செய்கிறோம். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வெள்ளை வேனில் மாலை முழுக்க எழுத்துகளையே தேய்த்திருக்கிறேன். தேய்க்கத் தேய்க்க எழுத்து இன்னும் பளிச்சென்று ஆனது. கண்ணுக்கு எழுத்து தெரிவதால் கை எழுத்துக்குப் போகிறது. ஆனால் கெட்டுப்போனது எழுத்து அல்ல, எழுத்தைச் சுற்றியிருக்கும் இடம்.

வினைல் ஸ்டிக்கர் ஒரு குடை. அதன் அடியில் வெயிலின் புற ஊதாக் கதிர் இறங்குவதில்லை. வெளியே இருக்கும் பூச்சில் அந்தக் கதிர், நிறமியைப் பிடித்து வைத்திருக்கும் பிசினை உடைக்கிறது, மேற்பரப்பு பொடியாகிறது, அந்தப் பொடி ஒளியைச் சிதறடிப்பதால் சிவப்பு வெளிறித் தெரிகிறது. சிவப்பு நிறமிகளில் பல, வெயில் தாங்குவதில் மற்ற நிறங்களைவிடப் பலவீனமானவை. போதாததற்கு, ஒவ்வொரு கழுவலிலும் அந்தப் பொடியில் கொஞ்சம் போய்விடுகிறது. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பூச்சோ முழு உயரத்தோடு நிற்கிறது. நிற வித்தியாசத்தோடு மயிரிழையிலும் மெல்லிய மேடு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. நகத்தால் அதைத் தொட்டுணர முடியாது. சாய்வாக விழும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே, சுற்றியுள்ள வெளிறிய பரப்பைத் தேய்த்து எழுத்தின் நிறத்துக்குக் கொண்டுவருவதுதான் வேலை. எழுத்தில் கடைசிவரை கை வைக்கக் கூடாது. இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மீதிப் பாதி, கதவுக்குக் கதவு வேறாக இருந்தது.

முதல் நாள் அளவெடுப்பு

வெள்ளைப் பனியன் துணியில் துளி பாலிஷ் வைத்து ஒவ்வொரு பாகத்திலும் பத்து முறை தேய்த்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். இப்போது வரும் பெரும்பாலான கார்களில் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற ‘கிளியர் கோட்’ இருக்கும். துணியில் நிறம் ஏறாது. இந்த வண்டியில் கூரை, பானெட், வலப்பக்கக் கதவுகள் இரண்டு, இடது பின்கதவு எல்லாவற்றிலும் துணி சிவந்தது. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கின்றன என்று பொருள். நல்ல செய்தி. பொடியான மேல்தோலை நீக்கினால் அடியில் அதே சிவப்பு காத்திருக்கும்.

இடது முன்கதவில் துணி வெள்ளையாகவே இருந்தது.

தடிமன் கருவியை வைத்தேன். வலப்பக்கக் கதவுகளில் 95 முதல் 110 மைக்ரான், கூரையில் 85. தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் நூறை ஒட்டித்தான் இருக்கும். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிர் ஏறக்குறைய எழுபது. இடது முன்கதவிலோ 290-இல் தொடங்கி, கைப்பிடிக்குக் கீழே 600-ஐத் தாண்டியது. அடியில் பள்ளத்தை நிரப்பும் பட்டி இருக்கிறது. கார் கற்றுக்கொள்பவர்களுக்கு இடப்பக்க இடைவெளிதான் முதலில் பிடிபடாது. ஏதோ ஒரு தூணோ சுவரோ அந்தக் கதவை முத்தமிட்டிருக்கிறது. டிங்கரிங் செய்து, புதிதாக நிறம் அடித்து, மேலே கிளியர் கோட் போட்டு, அதன்மேல் மறுபடி எழுத்து ஒட்டியிருக்கிறார்கள். “யார் இடித்தது என்று எனக்குத் தெரியும்” என்றார் டீச்சர். நான் மேலே கேட்கவில்லை.

வலப்பக்கம்தான் பார்ப்பதற்கு மிக மோசம். பள்ளி வாசலில் வண்டி எப்போதும் தெற்குப் பார்த்து நிற்குமாம். மேற்கு வெயில் முழுவதும் வலப்பக்கத்தில். சித்திரை வைகாசியில் மதுரையின் மூன்று மணி வெயில் என்ன செய்யும் என்பதை இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பசையும் உப்புத் தண்ணீரும்

எழுத்து இருந்த இடங்களில் பழுப்பு நிறப் பசை திட்டுத் திட்டாக மிச்சம் இருந்தது. மலிவான வினைல் வெயிலில் இளக்கம் இழந்து, சுருங்கி, அப்பளம்போல் ஆகிவிடும். உரித்தால் ஒரே தாளாக வராது. நகத்தளவுச் சில்லுகளாகப் பெயரும். பசை கதவிலேயே தங்கிவிடும். ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கும் வண்டி என்றால் காலை வெயிலில் கதவைக் காட்டி நிறுத்தி, கை பொறுக்கும் சூடு வந்ததும் முனையைத் தூக்கி, மேற்பரப்பை ஒட்டினாற்போல் மடக்கி, மெதுவாக இழுக்கச் சொல்வேன். அக்கினி நட்சத்திரத்தில் ஹீட் கன் தேவையே இல்லை.

மிச்சப் பசையை மினரல் டர்பன்டைன் எடுத்துக்கொண்டது. துணியை நனைத்துப் பசைமேல் ஐந்து நிமிடம் ஒட்டவைத்து, காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் விளிம்பால் தள்ளினால் மெழுகுபோல் உருண்டு வந்தது. தின்னரைத் தொடவில்லை. பட்டறையில் தின்னர்தான் எல்லா நோய்க்கும் மருந்து என்ற எண்ணம் இருக்கிறது. பழைய பூச்சிலும், சரித்திரம் தெரியாத மறுபூச்சிலும் அது பெயிண்டையே இளக்கிவிடும்.

பிறகு கழுவல். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. காய்ந்தால் கதவில் வெள்ளை வட்டங்கள் நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வரும் மாநகராட்சித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தோம். அதன்பின் கார்களுக்கென்றே இருக்கும் களிமண் கட்டியை ஓட்டினோம். பூச்சுக்குள் குத்தி நிற்கும் தூசியையும் இரும்புத் துகளையும் அது இழுத்துவிடும். பிசைந்து பார்த்தால் கட்டி கறுத்திருந்தது.

‘ன’வின் சுழி

வலது முன்கதவில் ஓர் அடிச் சதுரம் பிரித்து, மென்மையானதில் தொடங்கிச் சோதனை. ஃபோம் பேடில் நைஸ் பாலிஷ் போதவில்லை. அதே பேடில், பூச்சின் மேல்தோலை அறுத்தெடுக்கும் பசையான கட்டிங் காம்பவுண்ட் முக்கால்வாசி நிறத்தைக் கொண்டுவந்தது. கம்பளி பேடில் காம்பவுண்ட் வைத்து நான்கு சுற்று ஓட்டியதும் ரோஸ் நிறத்துக்கு நடுவே ஒரு குங்குமச் சதுரம் எழுந்தது. டீச்சர் அதைப் பார்த்து, “இந்த நிறத்திலா நான் கற்றுக்கொண்டேன்!” என்றார். பேட் முழுவதும் இரத்தம் தோய்ந்தது போல் இருந்தது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அதைச் சுத்தம் செய்யாவிட்டால் பழைய பொடியையே திரும்பப் பூசிக்கொண்டிருப்போம்.

பரந்த இடங்களில் இப்படி ஓட்டிவிடலாம். எழுத்தின் அருகில் வரும்போதுதான் தமிழ் தன் வேலையைக் காட்டியது. எழுத்தின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடிவிட்டு வெளியே மட்டும் அறுக்க வேண்டும். ‘ட’வுக்கு மூன்று துண்டு டேப் போதும். ‘ஓ’வும் ‘ன’வும் அப்படியா? ‘ன’வின் சுழிக்குள் அகப்பட்டிருந்த வெளிறிய தீவு கட்டைவிரல் நகத்தளவு. எங்களிடம் இருந்த மிகச் சிறிய பேடே அதைவிடப் பெரிது. ஒட்டிய டேப்பைப் பிளேடால் வளைத்து வெட்டலாமே என்று தோன்றும். வெட்டினால் பிளேடு பூச்சில் கோடு போட்டுவிடும், எழுத்து நிரந்தரமாகிவிடும்.

கடைசியில் விரல்தான். ஆள்காட்டி விரலில் பனியன் துணியை இறுகச் சுற்றி, நுனியில் கடுகளவு காம்பவுண்ட் வைத்து, சுழியின் உள்வட்டத்தில் தேய்த்தேன். முப்பது தேய்ப்பு, துடைப்பு, பார்ப்பு. தீவின் நடுப்பகுதி முதலில் சிவந்தது; விளிம்பில் ஒரு வெளிறிய வளையம் நின்றது. நடுவிலிருந்து விளிம்புக்கு, விளிம்பிலிருந்து எழுத்துக்குள் மயிரளவு என்று அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் எல்லைக்கோடு கரையும். வலது கதவின் ஒரு ‘ன’வுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது. மெஷின் இருக்கும்போது விரலால் தேய்க்கிறாரே என்று பட்டறைப் பையன் சிரித்தான்.

சிரித்தவன் மறுநாள் பின்கதவில் மெஷினை எடுத்தான். கதவின் குறுக்கே ஓடும் மடிப்புக் கோட்டின்மேல் பேடை ஒரு நொடி கூடுதலாக நிறுத்திவிட்டான். மேடான விளிம்புகளில் பூச்சு மெலிந்தே இருக்கும். சூடும் அங்கேதான் சேரும். சிவப்புக்கு நடுவில் அரிசியளவுக்குச் சாம்பல் நிற அடிப்பூச்சு (ப்ரைமர்) எட்டிப்பார்த்தது. தவறு அவனுடையது அல்ல. மடிப்பு முழுவதும் டேப் ஒட்டாமல் மெஷினைக் கொடுத்தது நான். பிறகு சிறு தூரிகையால் பெயிண்ட் தொட்டு வைத்து மறைத்தோம். உற்றுப் பார்த்தால் இன்னும் தெரியும். டீச்சரிடம் காட்டித்தான் கொடுத்தேன்.

எல்லா வேலையும் கூரைக்கு அடியில், காலை பத்தரைக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பிறகும் நடந்தது. 800-இன் தகடு மெல்லியது, சீக்கிரம் சூடேறும். சூட்டில் காம்பவுண்ட் நொடியில் காய்ந்து, அறுப்பதற்குப் பதிலாகக் கீறும். எழுத்தின் எல்லை கரைந்தபின் டேப்பை எடுத்துவிட்டு, கதவு முழுவதையும் இரட்டைச் சுழற்சி மெஷினில் நைஸ் பாலிஷால் ஒன்றாக்கினோம். மூன்றாம் நாள் முடிவில் வலது கதவுகள் 88 முதல் 102 மைக்ரானில் நின்றன. ஏழெட்டு மைக்ரான் கொடுத்து நிறத்தை வாங்கியிருந்தோம். இன்னொரு முறை இதே அளவுக்குத் துணிந்து கொடுக்க இந்த வண்டியிடம் கையிருப்பு இல்லை. கூரையில் கம்பளி பேடையே வைக்கவில்லை. கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும் என்று விட்டோம். கூரையை யாரும் வாசிப்பதில்லை.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காம்பவுண்டிலும் பாலிஷிலும் எண்ணெய்ப் பசை உண்டு. வெளிறிய பொடிக்குள் அது ஊறினால் வண்டி மாலையில் மணப்பெண்போல் மின்னும். வாடிக்கையாளர் பணம் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு கழுவலில் ரோஸ் நிறம் திரும்பிவிடும். தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்த பின்பும் நிறம் நிற்கிறதா என்று பார்க்காமல் வண்டியைக் கொடுப்பது ஏமாற்று என்றே நினைக்கிறேன். நாங்கள் துடைத்தபோது வலது பின்கதவில் ‘ற்’ மேலே இருந்த புள்ளியைச் சுற்றி வெளுப்பு திரும்பியது. மறுபடி விரல்.

கண்ணாடிக்குள் எழுத்து

இனி இடது முன்கதவு. கொழுந்தனின் நார் போட்ட சாம்பல் படலம் இரண்டே சுற்றில் போய்விட்டது. கதவில் முகம் பார்க்கலாம்போல் பளபளப்பு வந்தது. அந்தப் பளபளப்புக்கு அடியில், சட்டம் போட்ட படம்போல், ‘ஓட்டுனர்’ முன்னைவிடத் தெளிவாக நின்றது.

எதிர்பார்த்ததுதான். இந்தக் கதவில் வெயில் கிளியர் கோட்டை ஊடுருவி, அதன் அடியிலிருந்த நிறத்தை வெளுக்க வைத்திருக்கிறது. பாலிஷ் போடுவது மேலிருக்கும் கிளியர் கோட்டுக்கு. கண்ணாடியைத் துடைத்தால் உள்ளே இருக்கும் புகைப்படம் மாறுமா? கிளியர் கோட்டை முழுவதும் அறுத்து நிறத்தைத் தொட்டால் அந்த இடம் திட்டாகிவிடும். நான்கு கதவுகளில் மிகக் குறைவாகக் கெட்டதாகத் தெரிந்தது இதுதான். கடைசியில் பெயிண்ட் கேட்டதும் இது ஒன்றுதான்.

“முழு வண்டிக்கும் அடித்துவிடலாமா?” என்று கேட்டார் டீச்சர். வேண்டாம் என்றேன். மற்ற கதவுகளில் இருப்பது தொழிற்சாலையில் சுட்டு இறக்கிய பூச்சு. அதை மூடுவதற்கு மனம் வரவில்லை. வண்டியின் விலையையும் பெயிண்டின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவரவில்லை. நிறத்தை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். அதே சிவப்பு என்றால் அந்த அலைச்சல் இல்லை.

ஒரு கதவுக்கு மட்டும் அடிக்கும்போது வரிசை முக்கியம். முதலில் மற்றவற்றுக்கு பாலிஷ் முடித்து, வண்டியின் உண்மையான இன்றைய சிவப்பை வெளியே கொண்டுவர வேண்டும். பிறகுதான் நிறம் கலக்க வேண்டும். வெளிறிய வண்டியைப் பார்த்துக் கலந்தால் பாலிஷுக்குப் பின் கதவு தனியாக நிற்கும். நிறக்குறியீட்டைப் பார்த்துக் கலந்ததில் துளி கறுப்பு சேர்க்க வேண்டியிருந்தது. தகரத் துண்டில் அடித்துக் காயவைத்து, பக்கத்துக் கதவோடு சேர்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். டியூப்லைட்டில் பொருந்துவது வெயிலில் பொருந்தாது.

பெயிண்டுக்கு முன் தேய்ப்பு. நிறம் அடித்தால் எழுத்து மறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் எழுத்தின் விளிம்பு மேட்டை மறந்துவிடுகிறார்கள். அதைச் சமன் செய்யாமல் அடித்தால் புதுப் பெயிண்டிலும் ‘ஓட்டுனர்’ புடைத்து நிற்பார். கதவு முழுவதும் கறுப்புப் பெயிண்டைப் பனிபோலத் தூவி, கட்டையில் வாட்டர் பேப்பர் சுற்றி, முதலில் 400 எண் தாள், பிறகு அதைவிட நைஸான 800 எண் தாள் என்று தேய்த்தோம். மேடு இருந்தால் அங்கே கறுப்பு முதலில் அழியும், ஓரத்தில் தங்கும். ‘ட்டு’வின் கொம்பு இரண்டு முறை காட்டிக்கொடுத்தது. மூன்றாம் முறை கறுப்பு ஒரே சீராக அழிந்தது. பிறகு ப்ரைமர், அதன்மேல், வெயிலுக்கு ஏற்ற, மெதுவாக இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட். மெழுகை ஒரு மாதம் தொடக்கூடாது என்று அந்தக் கதவுக்கு மட்டும் தனி உத்தரவு.

வந்த ஏழாம் நாள் வண்டி வெளியே போனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு, வேப்பமரத்தடியில் நிறுத்தினாலும் பறவை எச்சத்தை அன்றே கழுவுவது, தூசியோடு உறை போடாமல் இருப்பது என்று சொல்லி அனுப்பினேன். டீச்சர் நான்கு கதவுகளையும் சுற்றி வந்து, விடைத்தாள் திருத்துவது போல் ஒவ்வொன்றின் முன்னும் நின்றார். ஒன்றும் சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டார்.

மார்கழியில் ஒரு நாள் காலை ஆறரைக்கு அவரிடமிருந்து போன். “தம்பி, எழுத்து வந்துவிட்டது.”

எனக்குத் தூக்கம் கலைந்தது. படம் அனுப்பச் சொன்னேன். இடது பின்கதவு முழுவதும் பனி மூடியிருந்தது. பனித்துளிகள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் அகன்றும் நின்று, நடுவில் நான்கு விரல் உயரத்தில் ஒரு சொல்லை எழுதியிருந்தன. நிறம் ஒன்றாகிவிட்டாலும், பத்தாண்டு ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பரப்பும் வெயிலில் கிடந்த பரப்பும் நுண்ணளவில் ஒரே வழுவழுப்பாக இருப்பதில்லை. மெழுகு குறையும்போது ஈரம் இரண்டிலும் வேறு மாதிரி ஒட்டும். வெயில் ஏறினால் மறைந்துவிடும். வாருங்கள், ஒரு முறை நைஸ் பாலிஷ் ஓட்டி மெழுகு போட்டால் பெரும்பாலும் போய்விடும் என்றேன்.

“‘பயிற்சி’ தெரியவில்லை. ‘பள்ளி’ மட்டும்தான் தெரிகிறது” என்றார். சற்று நேரம் பேச்சில்லை. “அதில் பிழை ஒன்றும் இல்லையே. இருக்கட்டும், தம்பி.”